தாலிக்கு முன், தாலிக்குப் பின்

தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் கல்யாண ஆல்பக் கடைக்கு எடுத்து வந்த ஆல்பத்தில் காசி யாத்திரை கடைசிப் பக்கத்தில் இருந்தது. குடையும் விசிறியும் கைத்தடியுமாக மாப்பிள்ளை கிளம்புகிறார், பெண்ணின் அப்பா தடுத்துப் பேசுகிறார். டிசைன் செய்தவர் வட இந்தியர். அவருக்குத் தெரிந்த கல்யாணத்தில் யாராவது கிளம்புகிறார்கள் என்றால் அது விதாயி, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் கடைசிக் காட்சி. அதனால் குடை பிடித்த மாப்பிள்ளையைக் கொண்டுபோய் முடிவில் வைத்து, ஓரத்தில் பூவும் தூவியிருந்தார். ஊஞ்சல் படங்கள் ரிசப்ஷனோடு சேர்ந்திருந்தன. தாலி கட்டும் பக்கத்துக்கு முந்தின பக்கத்திலேயே பெண்ணின் கழுத்தில் தாலி இருந்தது.

"பணம் போனாப் போறது. இதை யார்கிட்டக் காட்டறது, சொல்லுங்கோ" என்றார் அந்த வீட்டு மாமி.

அந்த டிசைனரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயிரக்கணக்கான படங்களைக் கையில் கொடுத்தவர்கள், எது முன்னால் எது பின்னால் என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தத் தொழிலில் நான் பார்த்த சங்கடங்களில் பெரும்பாலானவை கேமராவாலோ கம்ப்யூட்டராலோ வந்தவை இல்லை. சடங்கு தெரியாததாலும் உறவு தெரியாததாலும் வந்தவை.

கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் பழகிவிட்டு, 1990களின் தொடக்கத்தில் கரோல் பாகில் வேலைக்குச் சேர்ந்தேன். மத்திய அரசு வேலைக்காக தில்லிக்கு வந்த தமிழர்கள் அப்போது கரோல் பாக், லோதி காலனி, ஆர்.கே.புரம் என்று குடியிருந்தார்கள். மயூர் விஹாருக்கும் துவாரகாவுக்கும் பெருமளவில் பரவியது பிறகு. டச்சிங் என்பது கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவ் மேல் செய்யும் வேலை. நெகட்டிவில் கருமை ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும் என்பதால், கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தையும் நெற்றிச் சுருக்கத்தையும் அப்படிக் குறைப்போம். கை ஒரு மயிரிழை தவறினாலும் முகம் வேறு ஆளாகிவிடும். ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமில் கை பழகியவர்கள் நாங்கள். கலர் வந்த பிறகு பென்சிலுக்கு வேலை குறைந்தது.

ஃபிலிம் காலத்தில் ஆல்பத்துக்கு டிசைன் என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு ரோலில் 36 படம். எத்தனை ரோல் என்பதை வீட்டுக்காரர் முதலிலேயே பேசி முடித்துவிடுவார். ஃபோட்டோகிராபர் ஒவ்வொரு படத்தையும் யோசித்துத்தான் எடுத்தார். 4க்கு 6 பிரிண்டுகள் வரும், கறுப்பு அட்டையில் மூலை வைத்து ஒட்டுவோம், நடுவில் பட்டர் பேப்பர். வரிசையைப் பற்றிக் கவலையே இல்லை. நெகட்டிவ் ஓரத்தில் எண் இருக்கும், அந்த எண்தான் கல்யாணத்தின் வரிசை. இதய வடிவத்துக்குள் மணமக்கள், தாமரைக்குள் பெண் முகம் என்ற வித்தையெல்லாம் லென்ஸுக்கு முன்னால் மாஸ்க் வைத்து, ஒரே ஃபிரேமில் இரண்டு முறை எக்ஸ்போஸ் செய்து கேமராவிலேயே முடிந்துவிடும்.

அந்தக் காலத்தில் என் போராட்டம் முழுவதும் லேப்பில்தான். கலர் லேப்புகளில் தோல் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் உலகம் முழுவதும் புழங்கியது. கோடக் நிறுவனம் அனுப்பிய அந்த அட்டைக்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். பல பத்தாண்டுகள் அந்த முகம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். அதே வழக்கத்தில் பழகிய கண்ணோடு தில்லி லேப்பில் ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பார். தமிழ்ப் பெண்ணின் முகம் திரையில் வந்ததும், 'டார்க்காக இருக்கிறது' என்று அவர் விரல் தானாக டென்ஸிட்டியைக் குறைக்கும். முகம் வெளுக்கும். கூடவே மாப்பிள்ளையின் பட்டு வேஷ்டியும் வெளுத்து, கரை காணாமல் போகும். தலையில் மல்லிகைப் பூ ஒரு வெள்ளைத் திட்டாகிவிடும். நான் ஆபரேட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். "பாய் சாப், முகத்தைப் பார்க்காதீர்கள். வேஷ்டிக் கரை தெரிகிறதா, பூவில் இதழ் இதழாகத் தெரிகிறதா, அதை மட்டும் பாருங்கள்" என்று ஹிந்தியில் சொல்வேன். வேஷ்டிக் கரை சரியாக வந்தால் முகமும் அதன் சொந்த நிறத்தில் வந்துவிடும். இன்றைக்கும் என்னிடம் வேலை கற்கும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது வேஷ்டிக் கரையைத்தான்.

2002இல் ஃபோட்டோஷாப் 7 வந்தது. சில வருடங்களில் நிக்கான் டி70 போன்ற கேமராக்கள் சாதாரண ஸ்டுடியோக்காரர் கைக்கும் வந்துவிட்டன. தில்லியின் கேமரா வியாபாரம் நடப்பது சாந்தினி சௌக்கில் உள்ள கூச்சா சௌத்ரி மார்க்கெட்டில். ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அந்தச் சந்துகளில், ஃபிலிம் பெட்டி அடுக்கியிருந்த அலமாரிகளில் மெமரி கார்டு ஏறியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். நேரு பிளேஸில் பி.எஸ்.டி. டெம்ப்ளேட் சி.டி.க்கள் கிடைத்தன. ஸ்விட்சர்லாந்து மலை, நீர்வீழ்ச்சி, ரோஜாத் தோட்டம், மேகத்துக்குள் அரண்மனை. மணமக்களை வெட்டி அதற்குள் வைத்தால் ஒரு பக்கம் தயார். பிறகு கரிஸ்மா ஆல்பம் வந்தது. விரித்தால் 12க்கு 36 அங்குலம், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம். தடித்த ஷீட், லெதர் அட்டை, பெட்டி என்று மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும் கனம்.

அந்தக் காலத்து ஆல்பங்களை இப்போது பிரிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாப்பிள்ளைக்குப் பின்னால் ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. ஆனால் உண்மையில் அவருக்குப் பின்னால் நின்ற சித்தப்பா வெட்டி எறியப்பட்டுவிட்டார். பந்தல், வாழைமரம், ஓரத்தில் நாயனம் வாசித்தவர், காலடியில் தூங்கிவிழும் குழந்தை என்று கல்யாணம் நடந்த இடமே அந்தப் பக்கங்களில் இல்லை. பின்னணியை வெட்டுவது எளிது, அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்தோம்: சடங்குப் பக்கங்களில் யாரையும் வெட்டி எடுப்பதில்லை. டெம்ப்ளேட் ரிசப்ஷன் பக்கங்களோடு நிற்கட்டும். சில வாடிக்கையாளர்கள் இதனால் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டோம்.

டிஜிட்டலில் நெகட்டிவ் எண் போய்விட்டது. இரண்டு மூன்று கேமராமேன்கள் வேறு வேறு பக்கம் நின்று எடுக்கிறார்கள். ஒவ்வொரு கேமராவின் கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டும். எல்லாப் படத்தையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி நேரப்படி அடுக்கினால் மாலை மாற்றலும் ஹோமமும் கலந்து கிடக்கும். இதற்குத் தாலிதான் வழி. கெட்டி மேளம் கொட்டும் அந்த நொடியில் எல்லாக் கேமராவும் ஒரே இடத்தைப் பார்க்கும். முதல் முடிச்சு விழும் படத்தை ஒவ்வொரு கார்டிலும் தேடிப் பிடித்து, அவற்றின் நேரத்தை ஒன்றாக்கினால் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் சில நிமிட வேலை. அதற்கும் மேல் சந்தேகம் வந்தால் பெண்ணின் உடையைப் பார்க்க வேண்டும். கூரைப் புடவை வருவதற்கு முன்பா பின்பா, கழுத்தில் தாலி இருக்கிறதா, கால் விரலில் மெட்டி ஏறிவிட்டதா. இவை பொய் சொல்லாது.

உறவுக்கு வருகிறேன், ஏனென்றால் ஆல்பத்தில் சண்டை வருவது அங்கேதான். பிரிண்ட் மங்கலாக இருந்தால் வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார். தாய்மாமன் படம் விட்டுப்போனால் பொறுக்க மாட்டார். ஐயாயிரம் படத்தில் முகம் தெரியாத டிசைனர் தாய்மாமனை எப்படிக் கண்டுபிடிப்பது? சடங்கே சொல்லிவிடும். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்கியிருப்பவர் அவளுடைய மாமா. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, பெண்ணின் தோளுக்குப் பின்னால் குனிந்து மற்ற முடிச்சுகளைப் போடுகிறவள் நாத்தனார். பொரி இடும்போது பெண்ணின் கையில் பொரி போடுகிறவன் அவள் சகோதரன். மணமக்களின் நெற்றியில் பட்டம் கட்டும் வழக்கமுள்ள வீடுகளில் கட்டுகிற கை யாருடையது என்று பார்த்தால் போதும். இந்த ஒவ்வொருவருக்கும் முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றாவது பெரிதாக வர வேண்டும். ஐயர் வீட்டில் ஒரு வழக்கம், செட்டியார் வீட்டில் வேறு, நாடார் வீட்டில் வேறு. ஆனால் எந்த வீட்டிலும் சடங்கில் கை வைக்கிறவர் உரிமை உள்ளவர்.

எங்களிடம் வேலை பார்த்த பீகார் தர்பங்காப் பையன் ஒருவன் இதை என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டான். அவன்தான் எனக்குப் பஞ்சாபிக் கல்யாணத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தான். பெண்ணுக்குச் சூடா வளையல் கொண்டுவருகிறவர் அங்கேயும் மாமா. மாப்பிள்ளை ஊர்வலமான பராத் வந்து இறங்கியதும் மில்னியில் அப்பாவும் அப்பாவும், மாமாவும் மாமாவும் மாலை போட்டுத் தழுவிக்கொள்வார்கள். அந்த வரிசையை அப்படியே குறித்துக்கொண்டால் இரண்டு குடும்பத்தின் முக்கியஸ்தர்களும் வரிசையாகக் கிடைத்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைத்துக் காசு கேட்கிற பெண்கள் மணப்பெண்ணின் தங்கைமார். இப்போது தில்லியில் தமிழ்ப் பெண்ணும் பஞ்சாபிப் பையனுமாக, காலையில் தாலி, இரவில் அக்னியை வலம் வரும் ஃபேரா என்று கல்யாணங்கள் நிறைய நடக்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் இரண்டையும் கலந்து அடுக்கினால் கண்ணுக்கு அழகாக இருக்கும், பாட்டிக்குப் புரியாது. நான் நடந்த வரிசையிலேயே விடுவேன். இரண்டு மாமாக்களுக்கு மட்டும் எதிரெதிரே ஒரே அளவில் இடம்.

பக்கத்தின் நடு மடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12க்கு 36 ஷீட்டில் நடுவே மடிப்பு ஓடுகிறது. பெரிய குரூப் படத்தை விரித்துப் போட்டால் மடிப்பு யார் முகத்திலாவது விழும். பெரும்பாலும் நடுவில் நிற்கிற மணப்பெண்ணின் முகத்திலேயே விழும். படத்தை ஒரு பக்கமாக இரண்டு அங்குலம் நகர்த்தினால் மடிப்பு இரண்டு ஆட்களுக்கு இடையே உள்ள சந்தில் விழும். புடவை மடிப்பில் விழுந்தால் இன்னும் நல்லது. மென்பொருளை நம்பி இதை விட முடியாது.

கூரைப் புடவையின் அரக்குச் சிவப்பு எங்களைப் படுத்தியதுபோல் வேறு எந்த நிறமும் படுத்தவில்லை. மண்டபத்து மஞ்சள் விளக்கில், வீடியோக்காரரின் லைட்டுக்கு முன்னால், டிஜிட்டல் கேமராவில் சிவப்பு மட்டும் முட்டி நின்றுவிடும். ஜரிகையும் மடிப்பும் தெரியாமல் புடவை ஒரே சிவப்புக் கறையாக இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு முன் சிவப்பின் அடர்த்தியை இறக்கினால்தான் நூல் நூலாக ஜரிகை மேலே வரும். முதலில் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு அப்புறம் நிறத்தைச் சரிசெய்தால் முகம் ஆரஞ்சாகும். இப்போதைய எல்.இ.டி. மேடைகளில் ஊதாவும் நீலமும் முகத்தில் அடிப்பது இதைவிடக் கொடுமை. அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காப்பாற்றுவதைத் தவிர சில சமயம் வழியில்லை.

"கொஞ்சம் கலர் ஏத்திடுங்க." இந்த வாக்கியத்தை என் காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். தமிழில் கேட்டிருக்கிறேன், ஹிந்தியில் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் பெரும்பாலும் மணப்பெண் இல்லை, அவள் அம்மாவோ மாமியாரோ. அந்தப் பெண் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். என் முறை ஒன்று உண்டு. நிறத்தைத் தொடாமல், முகத்தில் விழுந்த நிழலை மட்டும் எடுத்து, மஞ்சள் விளக்கின் சாயத்தை நீக்கி, அதே அளவில் பக்கத்தில் வெளுத்த பிரதி ஒன்றையும் வைத்து அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்பேன், "இதில் நீங்க எதும்மா?" என்று. வெளுத்ததைக் காட்டியவர்கள் மிகச் சிலர்தான். மென்பொருளில் ஒரே கிளிக்கில் தோலை வழவழப்பாக்கும் பிளக்-இன்கள் வந்தபோது தில்லி ஆல்பங்களில் எல்லோருக்கும் ஒரே மெழுகு முகம் வந்தது. தமிழ்க் கல்யாணத்தில் அது இன்னும் மோசம். கன்னத்தில் அம்மா ஆசையாக வைத்த திருஷ்டிப் பொட்டை 'ஸ்பாட்' என்று அழித்துவிடுவார்கள். சின்ன மூக்குத்தியின் மினுக்கைத் தூசி என்று எடுத்துவிடுவார்கள். நெற்றி விபூதியை வியர்வைப் பளபளப்பு என்று துடைத்துவிடுவார்கள். பிறவி மச்சத்தை அழித்துக் கொடுத்த படங்களும் உண்டு. பொட்டு, மூக்குத்தி, விபூதி, மச்சம் ஆகிய நான்கையும் முதலில் மார்க் செய்துவிட்டுத்தான் ரீடச்சிங் தொடங்க வேண்டும் என்று எங்கள் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம், ஹிந்தியில்.

தலைநகரில் ஆல்பத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. கல்யாணங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தில்லி அரசின் கட்டாயப் பதிவு ஆணை 2014இல் வந்தது. பதிவுக்குப் படம் வேண்டும், பிறகு விசாவுக்கு வேண்டும். மாப்பிள்ளை அமெரிக்காவில் இருந்தால், மனைவி சாணக்கியபுரி சாந்தி பாத்தில் உள்ள தூதரகத்துக்கு நேர்காணலுக்குப் போகும்போது ஆல்பத்தையோ அதன் சிறிய பிரதியையோ எடுத்துப் போவாள். அங்கே மலையும் நீர்வீழ்ச்சியும் எடுபடாது. பெரியவர்கள் சுற்றி நிற்க நடந்த சடங்கும், இரண்டு பக்கத்துக் குடும்பமும் ஒரே படத்தில் இருப்பதும்தான் வேண்டும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு படங்களைத் தனியே பிரித்து, ஆல்பத்துக்கு முன்பே முதல் வாரத்தில் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

கொரோனா காலத்தில், 2020 நவம்பரில் தில்லியில் கல்யாணத்துக்கு 200 பேர் என்றிருந்த வரம்பை 50 ஆக்கினார்கள். அந்தச் சீசனில் செய்த ஆல்பங்கள் மெலிந்தவை. ஆனால் வந்த ஒவ்வொருவருக்கும் அதில் இடம் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் இருந்த பாட்டி லேப்டாப் திரையில் அட்சதை போடுவதுபோல் கை நீட்டிய ஒரு படத்தை, ஸ்டூல் மேல் இருந்த லேப்டாப்போடு முழுப் பக்கத்தில் வைத்தோம். அடுத்த ஏப்ரலும் மே மாதமும் வேறு மாதிரி. பழைய வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக ஃபோன் செய்தார்கள். அப்பா போய்விட்டார், மாமா போய்விட்டார், மாட்டி வைக்க நல்ல படம் இல்லை, உங்களிடம் கல்யாணப் படம் இருக்குமா என்று. நம் வீடுகளில் பெரியவர்கள் நல்ல உடுப்போடு, சிரித்த முகத்தோடு கேமராவைப் பார்ப்பது பெரும்பாலும் பிள்ளைகள் கல்யாணத்தில்தான். இரண்டு ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் வைத்திருந்ததால் பலருக்குக் கொடுக்க முடிந்தது. மூலப் படம் இல்லாதவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது பெரிதாக்கத் தாங்கவில்லை. அந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் அனுப்பும் எந்தக் கேமராமேனுக்கும் ஒரு கட்டளை உண்டு. வீட்டில் அறுபதைத் தாண்டிய ஒவ்வொருவரையும் தனியாக, இடுப்பளவில், நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுக்காமல் மண்டபத்தை விட்டு வரக்கூடாது.

இறந்துபோன அப்பாவைக் குரூப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. 2023இல் ஃபோட்டோஷாப்பில் படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அது மிகச் சுலபம். நான் சேர்ப்பதில்லை. முதல் பக்கத்தில் அவருக்குத் தனியே, முழு அளவில் இடம் கொடுக்கிறேன். குரூப்பில் நிற்க வைத்துவிட்டால் பேரக் குழந்தைகள் தாத்தா கல்யாணத்துக்கு வந்திருந்தார் என்றே நம்பி வளரும். செயற்கை நுண்ணறிவு இப்போது படங்களைப் பொறுக்கியும் தருகிறது. கண் மூடிய படம், மங்கல் படம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடும். ஐயாயிரம் படத்தில் அது பெரிய உதவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கன்னிகாதானத்தில் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் படம் ஒதுக்கியதில்தான் கிடக்கும். சடங்கு நேரத்துப் படங்களை மட்டும் கையால் மறுபடி பார்க்காமல் நாங்கள் முடிப்பதில்லை.

ஆல்பம் செய்யக் கொடுக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். உங்கள் டிசைனர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கட்டும், வீட்டில் விவரம் தெரிந்த ஒரு பெரியவரை அரை நாள் அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். முடியாவிட்டால் ஒரு தாளில் சடங்குகளின் வரிசையையும், தாய்மாமன், அத்தை, நாத்தனார் யார் யார் என்பதையும், ஒவ்வொருவர் கட்டியிருந்த புடவை, சட்டையின் நிறத்தோடு எழுதிக் கொடுங்கள். உறவினர் ஃபோனில் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். மூலப் படங்களை இரண்டு டிஸ்கில் கேட்டு வாங்கி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். தேர்வை வருடக்கணக்கில் தள்ளிப் போடாமல், யார் எந்தப் புடவை என்பது நினைவில் இருக்கும்போதே, மூன்று மாதத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடுங்கள்.